அப்பாவுக்குப் போகாத போன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். விடுதி வைத்த பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்றால், நம் கை நம்மைக் கேட்காமலே போனை எடுத்துவிடும். மதிப்பெண் குறைந்தால் அப்பாவுக்கு ஒரு போன். முடி வளர்த்தால் ஒரு போன். காய்ச்சலுக்கு ஒரு போன், காதலுக்கு இரண்டு. நாமக்கல் பக்கத்துப் பள்ளிகள் பெயர் வாங்கியதில் பாடம் நடத்தியதற்கு எவ்வளவு பங்கோ, போன் போட்டதற்கும் அவ்வளவு பங்கு உண்டு. நானும் நிறையப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் அவை போட வேண்டிய போன்கள்தான். இங்கே சொல்லப்போவது, போடவிடாமல் நான் தடுத்த ஒன்றைப் பற்றி.

நான் வேதியியல் ஆசிரியை. சேலம் கோட்டைப் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் குடும்பம். கடைசிச் சில ஆண்டுகள் துணை முதல்வர் என்று ஒரு பெயர்ப்பலகை கொடுத்திருந்தார்கள். முதல்வருக்குப் பிடிக்காத வேலையெல்லாம் என் மேசைக்கு வரும் என்பதுதான் அந்தப் பலகையின் பொருள். மாணவர் விடுதியும் அப்படி வந்து சேர்ந்ததே.

பையனைத் தரணி என்று வைத்துக்கொள்வோம். அவன் பெயர் அதுவல்ல. பிளஸ் டூ படித்தான். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு ரிக் வண்டி; ஆழ்துளைக் கிணறு போட வடக்கே கிளம்பினால் ஊர் திரும்ப மாதக்கணக்காகும். அம்மா தோட்டத்தையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டு, மாதம் ஒரு ஞாயிறு மகனைப் பார்க்க வருவார்.

அவன் மேல் என் கண் பட்டது லேபில். பர்னருக்கு எங்கள் லேபில் எப்போதும் அடிதடி, நாலு பேர் ஒன்றைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அன்றைக்குத் தரணி ஒரு பர்னரைத் தனக்கு மட்டுமாக வைத்துக்கொண்டு நின்றிருந்தான். பக்கத்து மேசையில் ஆறு பேர் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொகுசு யாருக்கும் சும்மா கிடைப்பதில்லை. வகுப்பு முடிந்ததும் விடுதி வார்டனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

வார்டன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தயங்கித் தயங்கிச் சொன்னார். தரணி தன் அறை நண்பன் கோகுலிடம் நம்பி ஒன்றைச் சொல்லியிருக்கிறான். தனக்குப் பெண்கள் மேல் நாட்டம் வரவில்லை, பையன்கள் மேல்தான் வருகிறது, யாரிடமும் சொல்லாதே என்று. பதினேழு வயதுப் பையன் வாயில் எந்த ரகசியம் தங்கியிருக்கிறது? மறுநாளே மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவனுடைய பக்கெட் குளியலறையில் நிற்கவில்லை, வெளியே எறியப்பட்டது. மெஸ் வரிசையில் அவனுக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. அவன் தொட்ட தட்டைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமாம். ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கு இன்னும் கொஞ்சம் ஆயுள் கூடும்.

"அவன சிக் ரூமுக்கு மாத்திட்டேன் மேடம். அவன் பாதுகாப்புக்குத்தான்" என்றார் வார்டன்.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் பாருங்கள், நம் தொழிலில் இது ஒரு பழைய வழக்கம். அடிக்கிறவர்களை அவரவர் கட்டிலில் நிம்மதியாகத் தூங்கவிட்டு, அடிவாங்குகிறவனைப் பெட்டி படுக்கையோடு கிளப்புவோம். அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்போம். அவனுக்கு அது தண்டனையாகத்தான் இருக்கும், மற்றவர்களுக்கு அது வெற்றி.

தரணியை லேபுக்கு வரச் சொன்னேன். பிப்பெட் கழுவுகிற சாக்கில் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். இந்த மாதிரிப் பேச்சுக்கு எதிரெதிர் நாற்காலி ஆகாது. கைக்கு ஒரு வேலையும், கண்ணுக்கு வேறு பக்கமும் இருந்தால் பிள்ளைகள் பேசுவார்கள். உன்னிடம் எந்தக் கோளாறும் இல்லை என்று முதலில் சொன்னேன். சமன்பாடு சொல்லும் அதே குரலில் சொன்னேன். உருகிச் சொல்லியிருந்தால் ஏதோ பெரிய நோய் என்று நினைத்திருப்பான். பிறகு, சாக வேண்டும் என்று தோன்றியதா என்று நேராகவே கேட்டேன். நீங்களும் கேளுங்கள். கேட்டால் இல்லாத நினைப்பை ஊட்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

"போன வாரம் தோணுச்சுங்க மிஸ். இப்ப இல்லைங்க."

"மறுபடி தோணுச்சுன்னா எந்த நேரமா இருந்தாலும் வார்டன் போன்ல என்னைக் கூப்பிடு. பாடம் சந்தேகம்னு சொல்லு, கொடுப்பார். சரி, உனக்கு இப்ப என்ன வேணும்?"

அவன் கழுவி வைத்த பிப்பெட்டையே மறுபடி எடுத்துக் கழுவினான். "ஊட்டுக்கு மட்டும் சொல்லீராதீங்க மிஸ். அப்பா வண்டிய அங்கயே உட்டுட்டு வந்துருவாரு. அப்பறம் நான் பரிச்சை எழுத மாட்டேன்."

அடிப்பாரா, வெட்டுவாரா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அவன் அப்பாவை அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலமே சேலத்தில் எனக்குத் தெரிந்த மனநல மருத்துவர் ஒருவரிடம், பெயரும் ஊரும் சொல்லாமல் கேட்டேன். இது நோய் இல்லை, மாற்றுகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், பையனைத் தனியாக மட்டும் விடாதீர்கள் என்றார். தன்பாலீர்ப்பு என்ற சொல்லையே அவரிடம்தான் முதலில் மரியாதையான குரலில் கேட்டேன். எங்கள் ஆசிரியர் அறையில் அதற்கு இருந்ததெல்லாம் கிசுகிசுப்பும் ஒரு செருமலும்தான்.

மறுநாள் தரணியின் படுக்கை பழைய அறைக்கே திரும்பியது. "அடிச்சுப் போட்ருவானுங்க மேடம்" என்றார் வார்டன். "அப்ப நீங்க அந்த ரூம் வாசல்ல படுங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்.

அறைப் பையன்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பக்கெட்டை வெளியே எறிந்தது யார்?

"மிஸ், அவன் வந்து..." என்று ஒருவன் தொடங்கினான்.

"அவனைப் பத்தி நான் கேக்கலை. பக்கெட்டைப் பத்திக் கேட்டேன்."

அந்த வாரம் முழுக்க அறைக்குத் தண்ணீர் பிடித்து வைப்பது அவர்கள் வேலை, தரணியின் பக்கெட் முதலில். காரணத்தை விசாரிக்கத் தொடங்கினால் அடிவாங்கியவனைத்தான் கூண்டில் ஏற்றுவோம். ஆங்கில ஆசிரியை ஒருவர், எல்லோரையும் மதிக்க வேண்டும் என்று பிரேயரில் பேசட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தப் பேச்சு தேவைதான், ஆனால் அதைப் பேச வேண்டியது ஜூன் மாதத்தில், யாரும் அடிபடாதபோது. இப்போது பேசினால் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும்.

இதற்குள் கோகுலின் அப்பா காதுக்கு விஷயம் போய், அவர் முதல்வருக்குப் போன் போட்டுவிட்டார். அந்தப் பையனை விடுதியில் வைத்திருந்தால் தன் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று. முதல்வர் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இதை இழுத்துக்கிட்டே போக முடியாது. அவங்க அப்பாவுக்கு ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லிடுவோம். வந்து கூட்டிட்டுப் போகட்டும். சரிப்படலைன்னா டி.சி. வாங்கிக்கட்டும்."

"எந்த விஷயத்தைச் சார் சொல்வீங்க?"

"எந்த விஷயம்னா?"

"இங்க ரெண்டு இருக்கு. நம்ம ஹாஸ்டல்ல நாலு பேர் சேர்ந்து அவனைப் பாடாப் படுத்தறாங்க. அது நம்ம தப்பு. அதைச் சொல்லணும்னா நானே பேசறேன், நானே திட்டும் வாங்கிக்கறேன். இன்னொண்ணு, அவனுக்கு யார் மேல பிரியம் வருதுங்கறது. அது நம்ம விஷயமே இல்லை. சொல்றதும் சொல்லாததும் அவன் இஷ்டம்."

"பெத்தவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

முந்தின வருடம் மாணவியர் விடுதியில் இரண்டு பெண்கள் கைகோத்து நடந்ததை யாரோ பெரிதாக்க, ஒரு போன் போனது. போட்டவர் இவர்தான், நல்ல எண்ணத்தில். அந்தப் பெண்களில் ஒருத்தியை வந்து கூட்டிப்போனார்கள், அவள் பெட்டியை எடுக்கக்கூட அவள் திரும்பி வரவில்லை. பதினெட்டு முடிந்த கையோடு கல்யாணம். பத்திரிகை பள்ளிக்கும் வந்தது. முதல்வர் அந்தக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து சில நாட்கள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

"சார், போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தீங்களே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "ஞாயித்துக்கிழமை விசிட்டிங் டே. கோகுல் அப்பா வருவார், தரணி அம்மாவும் வருவாங்க. அன்னிக்கு இந்தப் பேச்சு வாசல் தாண்டாம இருந்தா, நான் விட்டுடறேன். ஏதாவது ஒரு பேரன்ட் வாயைத் திறந்து கேட்டாங்கன்னா, அப்பவே போன் போட்டுடுவேன். அப்புறம் நீங்க என்கிட்ட வரக்கூடாது."

எங்கள் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் விசிட்டிங் டேயைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையிலிருந்தே கார்களும் மொபெட்டுகளும் வந்து நிற்கும். மைதானத்து வேப்பமரத்தடியில் குடும்பம் குடும்பமாக ஜமுக்காளம் விரிப்பார்கள். தூக்குப்போசி, அடுக்குக் கேரியர், வாழையிலை. ஒரு பிள்ளைக்கு என்று யாரும் சமைத்து வருவதில்லை. ஊரிலிருந்து ஆள் வராத பிள்ளைகள், அறைத் தோழர்கள் எல்லோரையும் இழுத்து உட்கார வைத்துத்தான் பரிமாறுவார்கள். யாருடைய ஜமுக்காளத்தில் எத்தனை பிள்ளைகள் என்பதில் தாய்மார்களுக்குள் ஒரு பெருமையே உண்டு. தரணியின் அம்மாவின் நாட்டுக்கோழிக் குழம்புக்கு அந்த மைதானத்தில் தனி மரியாதை. அவர் விரிப்பில் எப்போதும் பத்துப் பேராவது இருப்பார்கள்.

ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு கண்டிப்பான விதி. பெற்றோர் கொண்டுவரும் சாப்பாட்டைத் தொடக்கூடாது. இன்று ஒருவர் வீட்டுக் கோழி, நாளை அவர் பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் என்று பேச்சு வரும் என்பதால். நல்ல விதிதான், பலமுறை நானே மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஞாயிறு நான் வராண்டாவில் நின்றிருந்தேன். கொஞ்சம் தள்ளி முதல்வர், கையில் போன். தரணியின் அம்மா பெரிய போசியைத் திறந்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். எதிரில் மகன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"ஏஞ்சாமி, உன்ற பசங்க ஒருத்தனையும் காணோம்?"

"படிக்கறாங்கம்மா."

"சோத்து நேரத்துல என்ன படிப்பு?" சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் மற்ற ஜமுக்காளங்களில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். அது அவர் கண்ணில் படாமலா இருக்கும்? இரண்டு விரிப்பு தள்ளி கோகுல், பக்கத்தில் அவன் அப்பா. "அதோ நம்ம கோகுலு! கோகுலு, வா கண்ணு!" கோகுல் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பா முகம் இறுகியது. இந்த அம்மாவுக்கு அது புரியவில்லை. ஒரு தட்டில் குழம்பை ஊற்றி எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். தரணி அவர் சேலையைப் பிடித்து, "வேண்டாம்மா, போவாதம்மா" என்றான். அவன் குரல் உடைந்ததை வராண்டாவிலிருந்தே கேட்டேன்.

அந்தத் தட்டு கோகுலின் அப்பா முன்னால் போய் நின்றால் அவர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். முதல்வர் என்ன செய்வார் என்பதும் தெரியும். யோசித்தேன் என்று சொன்னால் பொய். கால் போனது, பின்னாலேயே நானும் போனேன்.

"என்னங்க, தட்டை எடுத்துக்கிட்டு எங்க போறீங்க? எனக்கு இல்லையா?" என்று சொல்லிவிட்டு அவர் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

தாய்மார்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தரணியின் அம்மா அப்படியே நின்றுவிட்டார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகித் திரும்பி வந்தார். "மிஸ்ஸுங்களா! நீங்க எங்க சோத்தத் திம்பீங்களா?" என்று இலையைப் போட்டவர், நான் முஸ்லிம் என்பது நினைவுக்கு வந்து, குழம்புக் கரண்டியோடு தயங்கினார். "ஐயோ, இது எங்கூட்டுலயே அறுத்த கோழிங்க. நீங்க..."

"கோழி வேண்டாங்க. சோறும் ரசமும் ஊத்துங்க. நாமக்கல்லுக்கு வந்துட்டு முட்டை இல்லாமயா போயிடும்?"

என் இலைக்கு இரண்டு அவித்த முட்டை வந்தது. நான் சாப்பிடத் தொடங்கினேன். தரணி ஒரு வாய்கூட எடுக்காமல் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சாப்பிடுடா, உங்க அம்மா ரசத்துல உப்பு சரியா இருக்கு" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் வார்டன் வந்து நின்றார். "மேடமே உக்காந்துட்டாங்க, எனக்கென்ன" என்று அவரும் உட்கார்ந்து குழம்பை இரண்டு முறை வாங்கினார். அதன் பிறகு, பக்கெட் எறிந்த கூட்டத்திலிருந்து இரண்டு பேர் மெல்ல வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். மனம் மாறி வந்தார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். குழம்பு வாசம் இழுத்திருக்கும், வார்டன் உட்கார்ந்தது தைரியம் கொடுத்திருக்கும். காரணம் எதுவானாலும் அந்தத் தாய் கண்ணில் பட்டது, தன் மகன் விரிப்பில் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுவது. கோகுல் வரவில்லை. அவன் அப்பா அவசரமாகக் கை கழுவிவிட்டுக் காரை எடுத்தார்.

வராண்டாவைப் பார்த்தேன். முதல்வர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் விதியை மீறியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது. பசித்தது என்று பதில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சிரித்தார். கோகுலின் அப்பா மறுபடி கூப்பிட்டபோது, உங்கள் பையன் பேசிய பேச்சுக்குத்தான் நாங்கள் முதலில் உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று சொன்னவர் அவரேதான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஆகவில்லை. அந்தப் பெயர் மாடிப்படியில் பொதுத்தேர்வு வரைக்கும் அவ்வப்போது கேட்டது. கேட்ட ஒவ்வொரு முறையும் சொன்னவன் தண்ணீர் பிடித்தான். கோகுல் ஒருநாள் என்னிடம் வந்து அழுதான். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது, இனி யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் நீ எழுந்து போய்விடு என்றேன். ஒன்றிரண்டு முறை எழுந்து போனதாக வார்டன் சொன்னார். ஆனாலும் தரணி தன் கட்டிலில் தூங்கினான், தன் பள்ளியில் பரீட்சை எழுதினான். நாம் அவனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது அதுதான்.

ரிசல்ட் வந்த பிறகு டி.சி. வாங்க அம்மாவும் மகனும் வந்தார்கள். அவன் ஆபீஸ் வரிசையில் நிற்க, அவர் ஒரு தூக்குப்போசியோடு என் அறைக்கு வந்தார்.

"திருச்செங்கோட்டுல பாய் கடையில அறுத்து வாங்குனதுங்க மிஸ். இன்னைக்கு முட்டையத் தின்னுபோட்டுத் தப்பிக்க முடியாதுங்க."

தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் இரண்டு வாய் சாப்பிட்டதும் கேட்டார்: "ஏனுங்க மிஸ், வாத்தியாருங்க நாங்க கொண்டாற சோத்தத் தொடமாட்டீங்கன்னு எனக்கும் தெரியுமுங்க. அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால வந்து உக்காந்தீங்களே, ஊட்டுக்குப் போயி யோசன பண்ணுனேன். எம்பையனப் பத்தி நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

என் வேலைக் காலத்தில் இதைவிடக் கடினமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இல்லை என்றால் பொய். இருக்கிறது என்று சொல்லி மேலே போனால், இத்தனை மாதம் அவனுக்காகக் காத்ததை நானே போட்டு உடைத்தது மாதிரி.

"இருந்தா அவனே சொல்லுவானுங்க. நீங்க தோண்டிக் கேக்காதீங்க. சொல்ற அன்னிக்குக் கொஞ்சம் பொறுமையா மட்டும் கேளுங்க."

அவர் ஜன்னல் வழியாக வரிசையில் நின்ற மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

தரணி கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்தான். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் எனக்குக் கூப்பிட்டான்.

"மிஸ், அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லீட்டனுங்க."

"அப்பாவுக்கு?"

"இன்னும் இல்லைங்க மிஸ். அம்மாவுக்கு மட்டும்."

"அம்மா என்னடா சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசலைங்க. லைன் கட்டாயிருச்சுன்னே நெனச்சேன். அப்பறம், சோறு உண்டயா சாமின்னு கேட்டாங்க."